இருபத்தாறு கிலோ மூட்டை

எங்கள் வீட்டுக்குப் பதினோரு வருஷமாக ஒரே இடத்திலிருந்துதான் அரிசி வருகிறது. கும்பகோணத்திலிருந்து நீடாமங்கலம் போகிற சாலையில் வலங்கைமானைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ஒரு சின்ன அரிசி ஆலை, அதன் வாசலிலேயே சில்லறை விற்பனைக்கு ஒரு தகரக் கொட்டகை. வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் 'இது என்ன அரிசி, எங்கே வாங்குறீங்க' என்று கேட்காமல் போனதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஆனால் கடையின் பெயர் என்ன என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. மூட்டையில் பெயர் கிடையாது, வாசல் பலகையிலும் 'அரிசி ஆலை' என்று மட்டும்தான் இருக்கிறது. முன்பு ஒரு பெயர் இருந்தது. அது எப்படிப் போனது என்பதைச் சொல்லாமல் இந்தக் கடையைப் பற்றி எழுத முடியாது, கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் அரிசி.

அன்றாடச் சாப்பாட்டுக்கு நான் வாங்குவது ஏடிடி 43 புழுங்கல். சன்ன ரகம், குறுவைக்கு நம் பக்கம் நிறையப் போடுவது. நான் இன்னும் பானையில் வடிக்கிறவள். அரைமணி நேரம் ஊறவைத்து, உலை நன்றாகக் கொதித்த பிறகு போட்டால் இருபது நிமிஷத்தில் பதம் வந்துவிடும். ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி இருக்கக் கூடாது, அதே சமயம் ஓரம் கரைந்தும் போகக் கூடாது. இந்த அரிசியில் அந்த இரண்டுக்கும் நடுவே மூன்று நான்கு நிமிஷம் அவகாசம் கிடைக்கிறது, அதுதான் நல்ல பழைய அரிசிக்கு அடையாளம். அறுத்து அடித்த சூட்டோடு அரைத்த புது அரிசி அந்த அவகாசத்தைத் தராது, திரும்பிப் பார்ப்பதற்குள் குழைந்து களியாகிவிடும். இங்கே நெல்லை ஐந்தாறு மாதமாவது அடுக்கி வைத்திருந்துதான் அரைக்கிறார்கள். குறுவை அறுவடை நேரத்தில் யாராவது அவசரப்பட்டு வந்து கேட்டால் 'புது அரிசிதான் இருக்கு, குழையும், யோசிச்சு எடுங்க' என்று ஆலைக்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

வடித்த கஞ்சி தெளிவாக இருக்கும், சோற்றில் அந்தப் புளித்த புழுங்கல் வாடை வராது. அந்த வாடை எங்கிருந்து வருகிறது என்று ஒருநாள் அவரிடமே கேட்டேன். தொட்டிக்கு அழைத்துப் போய்க் காட்டினார். நெல்லைப் பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் போட்டு வைத்தால் தண்ணீர் நொதித்து அந்த நாற்றம் அரிசிக்குள் இறங்கிவிடும், சுடுதண்ணீரில் ஊறப்போட்டு நேரத்துக்கு வடித்துவிட்டால் வராது. விஷயம் அவ்வளவுதான். ஆனால் சுடுதண்ணீருக்கு உமி எரிய வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் எழுந்து தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். இவர் எழுந்திருக்கிறார். பாலீஷும் அதிகம் போடுவதில்லை, பருக்கை கண்ணாடி மாதிரி பளபளக்காது, லேசான மஞ்சளாக இருக்கும். அதனால் முதல் தடவை பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் தயக்கம் வரலாம். வாங்கி ஒருவாரம் சாப்பிட்டுப் பாருங்கள். ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த பழையது மறுநாள் காலையில் பருக்கை பருக்கையாக நிற்கும், மோரும் சின்ன வெங்காயமும் போதும்.

இட்லிக்கு சிஆர் 1009, நம் ஊரில் பொன்மணி என்பார்களே, அதுதான். குண்டு அரிசி, நாலுக்கு ஒன்று உளுந்து போட்டு ஆட்டினால் மாவு நன்றாகக் காண்கிறது. இது போக பாரம்பரிய ரகங்களான தூயமல்லியும் மாப்பிள்ளைச் சம்பாவும் சிறிய அளவில் வைத்திருக்கிறார். மறைந்த நெல் ஜெயராமன் ஐயா திருத்துறைப்பூண்டிப் பக்கம் விதைநெல்லைக் கொடுத்து, விளைந்த பிறகு இரண்டு மடங்காகத் திருப்பி வாங்கி இன்னொருவருக்குக் கொடுத்துப் பரப்பினாரே, அந்த வழியில் வந்த விதையைப் போடுகிற இரண்டு மூன்று குடும்பங்களிடம் வாங்குவதாகச் சொன்னார். மாப்பிள்ளைச் சம்பா வேக நேரம் எடுக்கும், முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டுவிடுங்கள்.

போன மாதம் வாங்கிய மூட்டையில் ஒரு கிலோவை எடுத்துச் சல்லடையில் சலித்து எங்கள் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். குருணை முப்பது கிராம். கல் ஒன்றுகூட இல்லை, கறுப்பு அரிசி நாலைந்து இருந்தது. 26 கிலோ மூட்டை வந்த பிறகு எடை அதற்குக் குறைந்ததே இல்லை. 1,430 ரூபாய் கொடுத்தேன்.

இப்போது அந்த 26க்கு வருகிறேன்.

நான் கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். எனக்கு மாதம் தேதிகளாகத்தான் ஓடும். 7ஆம் தேதி டிடிஎஸ், 11 விற்பனைக் கணக்கு, 15 பிஎஃப், ஈஎஸ்ஐ, 20 வரிக் கணக்கு. அதனால் இந்த மூட்டையின் எடை 25 கிலோவிலிருந்து 26 ஆக மாறியதைப் பார்த்ததும் எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பலருக்குப் புரியவில்லை, ஆலைக்காரர் என்னவோ தாராளமாக ஒரு கிலோ சேர்த்துக் கொடுக்கிறார் என்று நினைத்தார்கள்.

நடந்தது இது. 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தபோது அரிசிக்கு வரி இல்லை, ஆனால் பதிவு செய்த பிராண்ட் பெயரோடு பையில் போட்டு விற்றால் 5 சதவீதம். அவருடைய மூட்டையில் அப்போது அவருடைய அம்மாவின் பெயர் இருந்தது, பெயருக்கு மேலே ஒரு குத்துவிளக்கு, இரண்டு பக்கமும் நெற்கதிர். அவர் அதைப் பதிவு செய்திருக்கவில்லை, அதனால் நமக்கு இல்லை என்று இருந்தார். சில மாதத்திலேயே விதியை மாற்றினார்கள். பதிவு இல்லாவிட்டாலும், அந்தப் பெயரின் மேல் உரிமை கோர முடியும் என்றால் வரி உண்டு. வேண்டாம் என்றால், அந்த உரிமையை நானாகவே கைவிடுகிறேன் என்று பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும், அதை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் ஒவ்வொரு பையிலும் அழியாத மையில் அச்சடிக்க வேண்டும். பெற்ற தாயின் பெயருக்குக் கீழே 'இந்தப் பெயரின் மேல் எனக்கு உரிமை வேண்டாம்' என்று இரண்டு மொழியில் அச்சடிக்கச் சொன்னால் யாருக்கு மனசு வரும்? அவர் பெயரையே எடுத்துவிட்டார். அச்சடித்து வந்திருந்த பழைய சாக்குகளை உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி திருப்பித் தைத்து ஒரு வருஷம் ஓட்டினார். அந்தச் சாக்கில் ஒன்று என் வீட்டில் இருக்கிறது. உள்ளே கைவிட்டால் மையின் சொரசொரப்பு தட்டுப்படும், குத்துவிளக்கின் தண்டை விரலாலேயே கண்டுபிடிக்கலாம்.

அப்புறம் 2022 ஜூலை 18. பிராண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், முன்கூட்டியே பையில் கட்டி லேபிள் ஒட்டிய அரிசி 25 கிலோ வரைக்கும் 5 சதவீதம் என்றார்கள். பொட்டலப் பொருள்களுக்கான எடையளவு விதி 25 கிலோவோடு நின்றுவிடுகிறது, அதனால் வரியும் அங்கேயே நின்றுவிடுகிறது. கொஞ்ச நாளிலேயே தமிழ்நாட்டில் பல இடங்களில் 25 கிலோ மூட்டை 26 கிலோ ஆனது. இதில் தந்திரம் ஒன்றும் இல்லை, சட்டம் போட்ட கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள், அவ்வளவுதான். 1,430 ரூபாய் மூட்டைக்கு 5 சதவீதம் என்றால் எழுபது ரூபாய்க்கு மேல் வருகிறது, அதை மாதம் இரண்டு மூட்டை வாங்குகிற வீட்டில் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

யாருக்கு இந்த விதி என்று யோசித்தால்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. 26 கிலோ மூட்டைக்கு மொத்தமாகப் பணம் கொடுக்க முடிகிறவர்கள், அதைத் தூக்கி வைக்க வண்டியும் ஆளும் உள்ளவர்கள், வரி இல்லாமல் வாங்கிவிடுகிறோம். ஐந்து கிலோ, பத்து கிலோ என்று வாரக்கூலி வந்ததும் வாங்குகிறவர்கள் பையில் கட்டிய அரிசி வாங்கினால் வரி கொடுக்கிறார்கள். சின்னக் குடும்பம், தனியாக இருக்கிற வயசானவர்கள், வாடகை அறையில் தங்கி வேலை பார்க்கிற பையன்கள் எல்லாரும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான்.

சில்லறையாக அள்ளிக் கொடுத்தால் வரி இல்லை என்று அப்போதே நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பட்டியல் போட்டு விளக்கம் சொன்னார். உண்மைதான், வரி இல்லை. அது இந்தக் கொட்டகையில் எப்படி நடக்கிறது என்று ஒரு சனிக்கிழமை சாயந்திரம் வந்து பாருங்கள். முன்பெல்லாம் கூட்டம் வரும் என்று தெரிந்தால் மத்தியானமே ஐந்து கிலோ பைகளாகப் போட்டுக் கட்டி வரிசையாக வைத்துவிடுவார்கள், வருகிறவர்கள் பணத்தைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். இப்போது அப்படிக் கட்டி வைத்தால் அது 'முன்கூட்டியே கட்டியது'. வந்தவர் கண் முன்னாலேயே அள்ளி நிறுத்தால் அது சில்லறை. அதே அரிசி, அதே ஐந்து கிலோ, அதே கை. ஆள் வரும் முன்னே கட்டினால் வரி, வந்த பிறகு கட்டினால் இல்லை. அதனால் ஒவ்வொருவருக்கும் புதிதாக அள்ளுகிறார்கள், வரிசை சாலை வரைக்கும் போய்விடுகிறது.

போன மாசி மாதம் வரிசையில் எனக்கு முன்னால் ஓர் ஆயா நின்றுகொண்டிருந்தார், பக்கத்துக் கிராமம் எதிலிருந்தோ நடந்தே வந்திருக்கிறார், கையில் மஞ்சப்பை. ஆலைக்காரர் பார்த்துவிட்டு, 'ஆத்தா, நீங்க ஏன் நிக்கிறீங்க, இப்படி வந்து உக்காருங்க, நான் அள்ளித் தர்றேன்' என்று உள்ளே கூப்பிட்டார். அவர் வரவில்லை. 'என் கண்ணு முன்னாடி நிறுத்தாத்தானே உனக்கு வம்பு இல்லேன்னு அன்னைக்கு சொன்ன, நான் இங்கேயே நிக்கிறேன் தம்பி' என்றார். எழுபத்தைந்து வயசுக்கு மேல் இருக்கும் அவருக்கு. ஆலைக்காரருக்கு வம்பு வரக் கூடாது என்று அவர் கால் கடுக்க நிற்கிறார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கணக்கு எழுதுகிறவள் என்ற முறையில் இன்னும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். நெல்லை அரிசியாக்குவது விவசாயத்தோடு சேர்ந்த வேலை இல்லை, அதனால் கூலி அரவைக்கு 5 சதவீதம் உண்டு என்று 2017 நவம்பரில் ஒரு விளக்கம் வந்தது. அதாவது ஒரு விவசாயி தன் வயலில் விளைந்த நெல்லில் வீட்டுச் சாப்பாட்டுக்கு என்று நாலு மூட்டை எடுத்துக்கொண்டு வந்து அரைத்துப் போனால், அரவைக் கூலியோடு வரியும் கொடுக்க வேண்டும். 'என் நெல்லை நான் திங்கிறதுக்கா வரி?' என்று கேட்கிறவர்களுக்கு இவரால் பதில் சொல்ல முடியவில்லை, கூலியைக் குறைத்துக்கொண்டு வரியைத் தன் கையிலிருந்து கட்டுகிறார். தவிடும் அப்படித்தான். மாட்டுத் தீவனத்துக்கு என்று போனால் வரி இல்லை, அதே தவிடு எண்ணெய் ஆலைக்குப் போனால் 5 சதவீதம். குவியல் ஒன்றுதான், வாங்க வந்த வண்டியைப் பார்த்து பில் மாறுகிறது. இதையெல்லாம் தனித்தனியாகப் பிரித்து எழுத ஓர் ஆள் வேண்டும். அவரிடம் ஆள் இல்லை, ராத்திரி ஒன்பதுக்கு மேல் அவரே எழுதுகிறார். கணக்கு தாக்கல் ஒருநாள் தள்ளிப்போனால் தாமதக் கட்டணம் 50 ரூபாய், பத்து நாள் என்றால் ஐநூறு. பெரிய நிறுவனத்துக்கு இது ஒரு டீச் செலவு, இவருக்கு ஒருநாள் கூலி ஆளின் சம்பளம்.

2024 பிப்ரவரியில் இன்னொன்று வந்தது. அரிசி விலை ஏறுகிறது என்று மத்திய அரசு, மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி, ஆலைக்காரர் எல்லாரும் கையிருப்பை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்றது. நெல் எவ்வளவு, புழுங்கல் எவ்வளவு, பச்சரிசி எவ்வளவு, நொய் எவ்வளவு என்று தனித்தனியாக. பதுக்கலைப் பிடிக்கத்தான் இது, நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான டன் அடுக்கி வைக்கிற கிடங்குக்கும் இந்தத் தகரக் கொட்டகைக்கும் ஒரே படிவம் என்றால் எப்படி? அந்த மாதங்களில் வெள்ளிக்கிழமை மத்தியானம் போனால் அரவை நிற்கும், அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மூட்டை எண்ணிக்கொண்டிருப்பார். களத்தில் நெல் காய்ந்துகொண்டிருக்கும். புழுங்கல் நெல்லுக்கு ஒரு பதம் உண்டு, அதற்கு மேல் காய்ந்தால் அரைக்கும்போது நொறுங்கிக் குருணையாகிவிடும். அந்த நேரத்தில் காலால் துழாவிப் பதம் பார்க்க வேண்டிய மனிதர் எண்ணிக்கை எழுதிக்கொண்டிருந்தார்.

இன்னொரு நாள் நடந்ததையும் சொல்கிறேன், எந்தத் துறை என்று எழுத மாட்டேன். 25 கிலோ மூட்டை இருந்த காலம். ஒருவர் வந்து அடுக்கில் இருந்த மூட்டைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றில் பாக்கெட் செய்த மாதமும் வருஷமும் மங்கலாக இருக்கிறது என்றார். சாக்கில் அச்சு சில நேரம் சரியாகப் பதியாது, வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தால் தெரிந்தது. அரைமணி நேரம் வாக்குவாதம், கடைசியில் அபராதம் கட்டி ரசீது வாங்கினார். வந்தவர் கிளம்பும் வரைக்கும் அரிசியைக் கையில் எடுத்துப் பார்க்கவே இல்லை. கல் இருக்கிறதா, பூச்சி இருக்கிறதா, எடை சரியா, ஒன்றும் கேட்கவில்லை. வாங்கிச் சாப்பிடுகிற எனக்கு வேண்டியது அந்த மூன்றும்தான்.

இது புதிதில்லை என்று ஆலைக்காரர் சொல்வார். அவர் அப்பா காலத்தில் தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து நெல்லோ அரிசியோ வெளியே போக வேண்டுமானால் பெர்மிட் வேண்டும், எல்லையில் சோதனைச் சாவடி, கல்யாணமாகி வெளி ஜில்லாவுக்குப் போன மகளுக்கு அப்பா ஒரு மூட்டை அரிசி கொண்டுபோவதற்கே பயப்பட வேண்டும். ஆலைகள் லெவி என்று ஒரு பங்கை அரசாங்கத்துக்குக் கொடுத்தாக வேண்டும். 1952இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது உணவுக் கட்டுப்பாட்டை ஒரே உத்தரவில் எடுத்தார், அறுபதுகளில் பஞ்சம் வந்தபோது அது வேறு வேறு பெயரில் திரும்பி வந்தது. எதற்கெடுத்தாலும் அனுமதியும் உரிமமும் கேட்கிற ஆட்சியைச் சொல்லும் பர்மிட் லைசென்ஸ் ராஜ் என்ற வார்த்தையைப் பிரபலமாக்கியவரும் அதே ராஜாஜிதான். அவருடைய எல்லாக் கருத்துகளும் எனக்கு உடன்பாடில்லை. அந்த வார்த்தை மட்டும் இந்தக் கொட்டகையில் நிற்கும்போதெல்லாம் ஞாபகம் வருகிறது.

அரசாங்கம் என்றாலே எனக்குக் கோபம் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் தட்டில் இருக்கிற இந்த ஏடிடி 43 அரசாங்கம் கொடுத்தது. 1922இல் ஆடுதுறையில் ஆரம்பித்த நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த ரகம், 'ஏடிடி' என்பதே ஆடுதுறைதான். கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரத்தில் போய்விடலாம். அங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்த விஞ்ஞானிகள் நாற்றங்காலில் குனிந்து உட்கார்ந்து உண்டாக்கிய நெல், இந்த டெல்டாவையே சாப்பிட வைத்திருக்கிறது. ஆலையில் கொதிகலனை ஆய்வாளர் வந்து பார்த்துச் சான்று கொடுக்கிறாரே, அந்த விதியும் எனக்கு வேண்டும், ஏனென்றால் அதன் பக்கத்தில் நாலு பேர் வேலை செய்கிறார்கள். தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை வைப்பது எனக்காகத்தான்.

கடையில் உட்காரும் உரிமைச் சட்டம் வந்தது 2021இல். நான் இந்தப் பாத்திரக் கடைக்கு வருவதற்கு முன்னால் ஆறு வருஷம் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றவள். காலை ஒன்பதரை முதல் ராத்திரி ஒன்பது வரைக்கும், ஆள் இல்லாத நேரத்தில்கூடச் சுவரில் சாயக் கூடாது. இன்றைக்கும் இடது காலில் நரம்பு சுருண்டு கிடக்கிறது. தமிழ்நாடு சட்டமன்றத்தில் அந்தத் திருத்தம் நிறைவேறிய செய்தியைப் படித்தபோது நான் அழுதேன். யாரோ ஒருவர் எங்கள் காலைப் பார்த்திருக்கிறார் என்று தோன்றியது. இந்த ஆலைக் கொட்டகையில் அரிசி நிறுக்கிற இரண்டு பெண்களுக்கும் ஸ்டூல் இருக்கிறது, சட்டத்துக்கு முன்னாலிருந்தே இருக்கிறது என்று அவர்களே சொன்னார்கள். ஒரு விதி யாருடைய கையை, காலை, வயிற்றைப் பார்த்து எழுதப்படுகிறது என்பதுதான் என் கேள்வி. மூட்டைக்கு 25 கிலோ என்று கோடு போட்டவர்கள் அந்த ஆயாவைப் பார்த்திருந்தால் கோடு வேறு இடத்தில் விழுந்திருக்கும்.

இந்த விதிகளெல்லாம் சின்ன ஆளை மெல்ல மெல்ல வேலையை விட்டு நகர்த்துகின்றன. முதலில் நேரம் போகும், அப்புறம் ஆசை போகும். 'தங்கச்சி, ராத்திரி தொட்டிக்கு எந்திரிக்கிறது எனக்குக் கஷ்டமே இல்ல, இந்தக் கம்ப்யூட்டருக்கு எந்திரிக்கிறதுதான்' என்று ஒருநாள் சொன்னார். அவர் மகள் நீடாமங்கலத்தில் பிகாம் படிக்கிறாள், ஆலைக்கு வருவாளா என்று கேட்டால் தலையை ஆட்டுகிறார், ஆமா என்றா இல்லை என்றா தெரியவில்லை. நல்லதாக மாறியதும் உண்டு. சின்ன வியாபாரிகள் மாதாமாதம் இல்லாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யலாம் என்று 2021 ஜனவரியில் கொண்டுவந்தது பெரிய உதவி, இவருக்கு அதை எடுத்துக் கொடுத்தது நான்தான். வருஷத்தில் எட்டு ராத்திரி அவருக்கு மிச்சம். அந்த மாதிரி இன்னும் நாலு மாற்றம் வந்தால் போதும். அரிசிக்கு மூட்டை அளவு பார்த்து வரி போடுவதை அடியோடு எடுப்பது அதில் முதலாவது. 2025 செப்டம்பர் 22இல் வரி விகிதங்களைக் குறைத்தபோது பரோட்டாவுக்கும் சப்பாத்திக்கும் வரி போனது, பையில் கட்டிய அரிசிக்குப் போகவில்லை. சோறு தின்கிற மக்கள் நாம், நம்மையும் கொஞ்சம் நினைத்திருக்கலாம்.

சரி, கடைக்கு வருகிறேன். குறைகளும் இருக்கின்றன. 26 கிலோவுக்குக் கீழே கட்டிய பை கிடைக்காது, வாங்கிப்போய் வெளியூரில் யாருக்காவது பரிசாகக் கொடுக்க வேண்டும் என்றால் வேறு கடை பாருங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து போடும் வசதி இல்லை, இரண்டு மூட்டைக்கு மேல் என்றால் ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டுத் தருவார், வாடகை உங்களுடையது. செல்போனில் பணம் அனுப்பினால் வாங்கிக்கொள்கிறார். 2025 ஜூலையில் கர்நாடகாவில் யுபிஐ வரவைப் பார்த்துச் சின்னக் கடைகளுக்கு வரி நோட்டீஸ் போன செய்தி வந்ததிலிருந்து பக்கத்து டீக்கடையில் பணம் அனுப்புகிற க்யூஆர் அட்டையை எடுத்துவிட்டார்கள், டீ குடிக்கச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் சில வாரம் அரவை இருக்காது, களத்தில் காய வைக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகைக்கு முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுங்கள். பச்சரிசி சுமார்தான், பொங்கலுக்குச் சரி, புட்டுக்கும் இடியாப்பத்துக்கும் நான் வேறு இடத்தில் வாங்குகிறேன். சாக்கு மெல்லிசு, எலி இருக்கிற வீடு என்றால் அன்றைக்கே டப்பாவுக்கு மாற்றிவிட வேண்டும்.

சின்னக் குடும்பமாக இருந்தால் நாங்கள் செய்வதைச் செய்யுங்கள். நானும் பக்கத்து வீட்டு அக்காவும் ஒரு மூட்டையாக எடுத்து ஆளுக்குப் பதின்மூன்று கிலோ பிரித்துக்கொள்கிறோம். பிரிக்கும்போது மூட்டையின் வாயைக் கத்தியால் அறுக்காதீர்கள். தையலின் ஒரு ஓரத்தில் சின்ன முடிச்சு இருக்கும், அதை அவிழ்த்து இழுத்தால் நூல் முழுக்க ஒரே இழுப்பில் வந்துவிடும், சாக்கு கெடாது. காலியான சாக்கைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தால் பத்து ரூபாய் கழித்துக்கொள்வார். செவ்வாய், புதன் காலையில் போங்கள், அரவை ஓடும், கூட்டம் இருக்காது. சனிக்கிழமை சாயந்திரம் வேண்டாம், அது வாரக்கூலி வாங்கியவர்கள் வருகிற நேரம், வரிசையை நாம் வேறு நீட்ட வேண்டாம்.